கையெழுத்துக்கு மேலே காலி இடம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எங்கள் ஊராட்சியின் கிளார்க் தணிகாசலம். "நீ வேணும்னா கதையா எய்திக்கோ சார். தீர்மானப் புத்தகத்துல மட்டும் எய்தாத" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கதை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், தீர்மானம் என்றால் விசாரிக்க மேலேயிருந்து ஆள் வருவார்கள் என்பது அவர் நினைப்பு. ஆகவே இது என் கற்பனையில் உதித்தது என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. புத்தகத்தில் இடம் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

என் பெயர் பேச்சிராஜ். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று பதிவதுதான் பகல் முழுக்க. சாயங்காலம் கதை எழுதுவேன். இதுவரை பத்திரிகைகளுக்கு எட்டுக் கதைகள் அனுப்பியிருக்கிறேன். ஏழு திரும்பி வந்துவிட்டன. எட்டாவதோடு பதில் தபால்தலை வைக்க மறந்துவிட்டேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மண்ணூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுவில் இருக்கிற ஊர்க்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம், இது உங்கள் ஊர் இல்லை. வருடம் 2010. அக்டோபர் மாதம் நடந்துகொண்டிருக்கிறது. அதாவது, கதை இன்னும் முடியவில்லை. முடிவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவசரக்காரன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்த மண்ணில், வானைத் தொடும் புகைபோக்கிகளுக்கு நடுவே—"

விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் புகைபோக்கி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செல்போன் செய்கிற இடத்தில் புகை எதற்கு? ஏசிதான் ஓடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "பாண்டிச்செல்வி காலிக் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் கண்களில் நீர்—"

இந்த இடத்தில் பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அறைக்கு அடுத்த அறையில், தங்கை சுகப்பிரியாவோடு குடியிருக்கிறாள். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊர். இருபத்து மூன்று வயது. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் உள்ள பெரிய செல்போன் கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறாள். லென்ஸ் வழியாகப் போர்டைப் பார்த்து எந்த இடத்தில் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவளிடம் என் வரைவைப் படிக்கக் கொடுத்தது யாருடைய தப்பு?

"நான் எப்ப அண்ணாச்சி அழுதேன்?" என்றாள்.

"கதைக்காகத்தான், புள்ள."

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா எல்லாத்துக்கும் கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும். அதையெல்லாம் பெருசா எழுதியிருக்கிய."

அந்தத் தொடக்கத்தையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தொடக்கம் தங்கிவிட்டது: எங்கள் தெருக் குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அவ்வளவுதான், இதற்கு மேல் இலக்கியம் சேர்க்க இடமில்லை.

3

நாங்கள் குடியிருப்பது செங்கமலம் அம்மாவின் லைன் வீட்டில். வரிசையாகப் பதினொரு அறைகள், தகரக் கூரை, கோடியில் இரண்டு கழிப்பறை. முன்பு அந்த இடம் அவர்களுடைய மாட்டுக் கொட்டகை. (இதை எழுதவேண்டாம் என்று அம்மா சொன்னார். எழுதிவிட்டேன். வாடகை ஏறினால் வாசகர்கள்தான் பொறுப்பு.) என் அறையைத் தவிர மற்ற பத்திலும் பெண்கள், அறைக்கு ஆறு, ஏழு பேர். வீட்டு போர்வெல்லில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். துணி துவைக்கலாம். துவைத்த துணியும் மஞ்சளாக வரும். குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயை விட்டால் கதியில்லை.

இப்போது ஷிப்டைக் கவனியுங்கள். டைம் ஆபீஸ்காரன் சொல்கிறேன், தப்பாக இருக்காது. முதல் ஷிப்ட் பெண்களுக்கு அஞ்சு மணிக்கே கம்பெனி பஸ். நைட் ஷிப்ட் பெண்கள் வந்து இறங்குவது காலை ஏழுக்கு. ஆக, ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் குழாயடியில் நிற்க முடிகிறவர்கள் அந்த வாரம் இரண்டாம் ஷிப்டில் இருப்பவர்கள் மட்டுமே. பெரும்பாலும் ஒரு அறையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஷிப்ட். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அவர்களுக்கு நல்ல தண்ணீர் கிடையாது. பக்கத்து அறையில் கெஞ்சி ஒரு குடம் வாங்குவார்கள். கிடைக்காத நாளில் வயல்வெளியில் இருக்கிற பழைய பம்புசெட்டுக் கிணற்றுக்குப் போவார்கள்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் சுகப்பிரியாவை ஜூலையில் படுக்கப் போட்டது. மஞ்சள் காமாலை. பத்தொன்பது வயதுப் பெண், டிரெயினிங் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து அப்பா வந்தார், இரண்டு நாள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார், போகும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்: "தீபாவளிக்குள்ள குடிக்கத் தண்ணிக்கு வழி இல்லன்னா ரெண்டு பேரும் துணிமணிய எடுத்துட்டு வந்துருங்க." ஊரில் பெரியவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். பாண்டிச்செல்விக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், ஊரும் வேண்டாம், அந்த லென்ஸ்தான் வேண்டும். இந்தக் கதையில் பறிபோகக் கூடியது அந்த வேலைதான். வேறு எதற்காகவும் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கு முக்கால் மணி நேரம் குழாயைத் திறக்கவேண்டும். முதல் ஷிப்ட் வந்து இறங்கியிருக்கும், நைட் ஷிப்ட் தூங்கி எழுந்திருக்கும். "காலைத் தண்ணி ஒரு ஷிப்டுக்கு, மூணு மணித் தண்ணி மத்த ரெண்டுக்கும். இதைக் கண்டுபிடிக்க என்ன பெரிய படிப்பா வேணும்?" என்றாள். மூன்று வருடமாக ஊராட்சியில் யாருக்கும் தோன்றாத யோசனை. எனக்கும்தான் தோன்றவில்லை. எனக்கு ஜெனரல் ஷிப்ட். காலையில் குழாயடியில் என் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவேன்.

4

இனி ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இது தெரியாமல் மேலே படித்தால் நட்டாற்றில் நிற்பீர்கள்.

கிராம சபை வருடத்தில் நான்கு முறை கூடும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. கூட்டம் செல்லுபடியாகவேண்டும் என்றால் எங்கள் ஊருக்கு இருநூறு கையெழுத்து வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் வரைக்கும் கூட்டம் இருக்கும். மிட்டாய்த் தட்டு காலியானதும் தலைவர், கிளார்க், டேங்க் ஆபரேட்டர், நாற்காலி வாடகைக்கு விட்டவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சுவார்கள். பழைய குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்போது கம்பெனியில். லீவு நாள் என்றால் அவர்களுக்கு டபுள் ஓவர்டைம். யார் விடுவார்கள்?

எனவே கையெழுத்துக்குப் புத்தகம் வீடு வீடாகப் போகும். பக்கத்தின் கீழ்ப் பாதியில் கையெழுத்து வாங்குவார்கள். மேல் பாதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து, மேல் அலுவலகத்திலிருந்து எதெல்லாம் வேண்டும் என்று தகவல் வந்தபிறகு, அந்தக் காலி இடத்தில் தீர்மானம் எழுதப்படும். ஊரார் முதலில் சம்மதிப்பார்கள், எதற்குச் சம்மதித்தார்கள் என்பது பிறகு தீர்மானமாகும்.

அதை எழுதியது யார்? நான்தான். தணிகாசலத்தின் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. ஒரு நாள் தபால் நிலையத்தில் என் கவரின் மேல் முகவரியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், அச்சு மாரி கீது" என்றார். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டேன். "பொருள் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டு, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று மூன்று வருடத்தில் முப்பது தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு விவாதமும் நடந்ததில்லை. விவாதம் இல்லாத இடத்தில் ஏகமனது சுலபமாகவே கிடைத்தது.

திரும்பி வந்த ஏழு கதைகளுக்காக என்மேல் இரக்கப்பட்டீர்களா? வேண்டாம். ஊராட்சியில் என் கற்பனை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

5

கற்பனை என்று சொன்னேன் அல்லவா. தீர்மானத்துக்கு முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று இரண்டு பெயர் வேண்டும். வாயில் வந்த வாக்காளர் பெயரைப் போடுவேன். அதிகம் வந்தது எங்கள் செங்கமலம் அம்மாவின் பெயர். வாடகைக்காரன் என்ற விசுவாசம்.

அம்மாவுக்கு இது தெரியாது. போன மாதம் ஒரு நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நம்பவில்லை. படித்துக்காட்டச் சொன்னார். 2009 மே தினத் தீர்மானத்தைப் படித்தேன்: "சிறுபாலம் இல்லாமையால் மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் படும் அவதியைத் திருமதி செங்கமலம் அவர்கள் எடுத்துரைத்து, உடனடி நடவடிக்கை கோரி முன்மொழிந்தார்."

முறம் நின்றுவிட்டது.

"நானா சொன்னேன்?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கும்மா."

"இவ்ளோ நல்லாவா பேசிக்கிறேன்?" முறத்தைக் கீழே வைத்தார். "பாலம் கட்னாங்களா?"

"கட்டிட்டாங்களே. அது மேலதான தினம் நடந்து போறீங்க."

"அத்த சொல்லு. நான் கேட்டுத்தான் வந்துகீது" என்று மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் சன்மானம் அதுதான். இன்றுவரை இரண்டாவது வரவில்லை.

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று ஒரு சந்தேகம் இருந்தது. அக்டோபர் இரண்டு வரும்போது தேவைப்படும், இருக்கட்டும்.)

6

ஆகஸ்டு பதினைந்து. முதல் வரைவிலிருந்து அப்படியே தருகிறேன்.

"மிட்டாய் கொடுத்து முடிந்திருந்தது. ஊராட்சி அலுவலக வாசலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். 'ஐயா, மத்தியானம் மூணு மணிக்கும் குழாயத் தெறக்கணும்னு தீர்மானம் போடணும்' என்றாள். தலைவர் கண்ணப்பன் கிளார்க்கைப் பார்த்தார். தணிகாசலம், 'இங்க ஓட்டு இருக்கறவங்கதாம்மா பேசணும். உனக்கு ஓட்டு உங்க ஊர்ல கீது. கிராம சபையில நீ பேச முடியாது' என்றார். அவள் உட்காரவில்லை. 'பேசக் கூடாதுன்னா எதுக்கு சார் என்கிட்ட கையெழுத்து வாங்குனிய? இந்தப் பொஸ்தகத்துல நான் பத்து தடவ போட்டிருக்கேன். பக்கத்தைப் புரட்டுங்க, காட்டுதேன்' என்றாள்."

நடந்தது அப்படியே இதுதான். யோசித்துப் பாருங்கள். அவள் கையெழுத்து செல்லும் என்றால் அவள் பேசலாம். செல்லாது என்றால் அவளோடு சேர்ந்து லைன் வீட்டுப் பெண்கள் போட்ட அறுபத்துச் சொச்சம் கையெழுத்தும் செல்லாது. அப்போது கோரம் இல்லை. கோரம் இல்லையென்றால் மூன்று வருடமாகப் போட்ட தீர்மானம் எதுவும் இல்லை. சிறுபாலம் இல்லை, சிமெண்ட் ரோடு இல்லை, தலைவர் பெயர் பொறித்த நிழற்குடை இல்லை. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இல்லை.

வரைவு அடுத்து இப்படிப் போகிறது: "தலைவர், 'இன்னாய்யா இது, ரூம் பொண்ணுங்ககிட்ட எவன் போய் கையெழுத்து வாங்கனது?' என்று கேட்டார். தணிகாசலம் தலை குனிந்தார்—"

இந்த வரியைப் படித்தபோதுதான் பாண்டிச்செல்வி நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணாச்சி, இது அப்படி இல்லயே" என்றாள். உலை வைக்கப் போய்விட்டாள்.

அப்படி இல்லைதான். தணிகாசலம் தலை குனியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

புத்தகத்தை அறை அறையாகக் கொண்டுபோனவன் நான். அவர் போனால் அந்தப் பெண்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். நான் போனால், நம்ம பக்கத்து அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். "எதுக்கு அண்ணாச்சி?" என்று முதல் தடவை பாண்டிச்செல்வி கேட்டாள். "ஒண்ணுமில்ல புள்ள, சும்மா ஊராட்சிக்கு. போடு" என்றேன். பத்து தடவையும் இதையேதான் சொன்னேன். நான் காலி இடத்தைக் காட்டினேன், அவள் நம்பிப் போட்டாள். பிறகு அறைக்கு வந்து, அவள் பெயருக்கு மேலே எனக்குத் தோன்றியதை எழுதினேன். ஒரு தடவைகூட அவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதத் தோன்றவில்லை. அன்று அலுவலக வாசலில் எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலைவரிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். செருப்பைத் தேடினேன்.

* தணிகாசலத்தின் குறிப்பு: இந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு அவர், "பரவால்ல சார், என்ன வில்லன் ஆக்காத வுட்ட. நானும் யாருக்கும் கெடுதல் நெனைக்கல. இருநூறு கையெய்த்து எங்க போய் வாங்கறது சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. அவர் பாவம், வேலை போகாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு சதி எதுவும் தெரியாதவர்.

7

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று அன்று தலைவர் எழுந்துவிட்டார். அடுத்த வாரம் வழக்கம்போலப் புத்தகம் என் கைக்கு வந்தது. வழக்கம்போல நானும் எடுத்துக்கொண்டு போனேன். (புத்தி வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்தது, கொஞ்சம் தாமதமாக.) முதல் அறையில் பேனாவை வாங்கி மூடி போட்டுத் திருப்பித் தந்தார்கள். இரண்டாவது அறையிலும் அப்படித்தான். பத்து அறையிலும் ஒரே பதில்: "மேல எழுதிட்டு வாங்க அண்ணாச்சி. படிச்சிட்டுப் போடுதோம்."

ஆகஸ்டுக் கூட்டம் கோரம் இல்லாமல் செத்துப்போனது. புது ரோட்டுக்கு வரவேண்டிய அனுமதி நின்றது. அடுத்த வருடம் தேர்தல், தலைவருக்கு அந்த ரோடு ரொம்ப முக்கியம். காந்தி ஜெயந்தி நெருங்க நெருங்கத் தணிகாசலம் இளைத்துக்கொண்டே வந்தார்.

அக்டோபர் இரண்டாம் தேதி, பாண்டிச்செல்வி பெண்களோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். கூட்டத்துக்குள் வரவில்லை. ஓட்டு இல்லாதவள் பேசக்கூடாது என்றால் பேசப்போவதில்லை, கையெழுத்தும் போடப்போவதில்லை, அவ்வளவுதான். அவளுக்காகப் பேச ஓட்டுள்ள ஆள் ஒன்று வேண்டும். செங்கமலம் அம்மா எழுந்தார். எழுந்தவர் முதலில் என் பக்கம் திரும்பி, உரக்கக் கேட்டார்:

"தம்பி, நான் இப்ப பேசணுமா, நீ முன்னாடியே எய்திட்டியா?"

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பேசணும்மா" என்றேன்.

"சரி. கண்ணப்பா, கேளு. என் வூட்ல கீற பொண்ணுங்களுக்குத் தண்ணி இல்ல. ஒருத்தி காமால வந்து சாவப் பொழைக்கக் கெடந்தா. அதுங்க காலி பண்ணிக்கினு போனா என் ரூமு சும்மா கெடக்கும், உன் கையெய்த்தும் சும்மா கெடக்கும். மூணு மணிக்குத் தொறந்து வுடு." உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, "போன வாட்டி பாலத்துக்கு நல்லா பேசனேன். இன்னிக்கு அவ்ளோ வரல" என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"மத்தியானத்துல கரண்ட் இருக்காதும்மா. டேங்க் ரொம்பணுமே" என்றார் தலைவர். டேங்க் ஆபரேட்டர், ஒரு மணிக்கு மோட்டார் போட்டால் இரண்டரைக்குள் ரொம்பிவிடும், கரண்ட் இருந்தால், என்றார். தலைவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். அறுபத்து மூன்று பேனா. "எய்து, எய்து" என்றார் என்னைப் பார்த்து.

எங்கள் ஊராட்சி வரலாற்றில் கையெழுத்துக்கு முன்னால் எழுதப்பட்ட முதல் தீர்மானம் அது. புத்தகத்தை மரத்தடிக்குக் கொண்டுபோய் எழுதினேன். கை பழக்கத்தில், "விரிவாக விவாதிக்கப்பட்டு, ஏகமனதாக—" என்று போய்விட்டது.

"யாரு விரிவா விவாதிச்சா?" என்று என் தோளுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது. லென்ஸ்காரி.

அடித்தேன். "செங்கமலம் அம்மாள் கேட்டார். தலைவர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே சின்னத் தீர்மானம். ஒவ்வொருத்தியும் குனிந்து படித்துவிட்டுத்தான் போட்டாள். இரண்டு மணி நேரம் ஆனது. சட்டப்படி அந்தக் கையெழுத்துகள் இப்போதும் செல்லாதவைதான். இதை நானும் நீங்களும் வெளியே சொல்லவேண்டாம்.

"ஆயுத பூசை முடியட்டும். மோட்டாருக்குப் பொட்டு வெச்சிட்டு, திங்கக்கெயமையிலர்ந்து தொறப்போம்" என்றார் தலைவர்.

இன்று அந்தத் திங்கள்கிழமை. லீவு நாளில் வேலை பார்த்ததற்கு ஈடான விடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்று ஐம்பது. ஒரு மணியிலிருந்து கரண்ட் இல்லை.

8

முடிவுகள். இந்த இரண்டு வாரத்தில் நான்கு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மூன்று அடித்ததும் குழாயில் தண்ணீர் பாய்கிறது. சுகப்பிரியா முதல் குடத்தைப் பிடிக்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். செங்கமலம் அம்மாவுக்கு இது பிடித்திருக்கிறது. குழாயைத் திறப்பது அவராக இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

இரண்டாவதில் தண்ணீர் வரவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அக்காவும் தங்கையும் இரண்டு பைகளோடு நிற்கிறார்கள். நான்கு பக்கம். என் கதைகளிலேயே நன்றாக வந்திருப்பது இதுதான். எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. ஓலைத்தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம், உடம்பு இன்னும் தேறாத அந்தச் சின்னப் பெண் அக்காவிடம், "நெசமாவே ஊருக்குப் போயிருவோமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தணிகாசலம் சொன்னது. "கரண்ட் இல்லன்னு முடிச்சிடு சார். யாருக்கும் மனசு நோவாது." உங்களுக்கே தெரிகிறது, அவர் என்னைவிடத் தேர்ந்த எழுத்தாளர்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசிப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டுவிடுவது. "வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. நாகரிகமாக இருக்கும். பத்திரிகைக்காரர்கள் மதிப்பார்கள். தண்ணீர் வந்ததா வரவில்லையா என்ற பொறுப்பும் என் தலையில் விழாது.

9

கதையில் சொந்தப் பெயரைப் போட அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கலாம் என்று, சற்று முன்னால் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த வாரம் அவளுக்கு நைட். தூங்கி எழுந்த முகத்தோடு வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தன்னைப் பற்றிய இடங்களில் உதட்டைச் சுழித்தாள். ஆறாம் பகுதியில் கொஞ்ச நேரம் நின்றாள், நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். பாதிப் பக்கம் எழுத்து, பாதி வெள்ளை. அடியில், "இதற்குச் சம்மதிக்கிறேன்" என்று எழுதி அவள் பெயருக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"இது என்ன, நடுவுல இம்புட்டு எடம் விட்டிருக்கிய?"

"அது முடிவு, புள்ள. படிக்கிறவங்க எழுதிக்கட்டும்னு."

"கையெழுத்துக்கு மேல வெறும் எடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. போர்டில் ஒட்டாத இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு விரலை வைத்துச் சொன்னாள்.

பத்து தடவை அவளிடம் நீட்டிய அதே பக்கத்தைப் பதினோராவது தடவையாக, இலக்கியம் என்று பெயர் சொல்லி நீட்டியிருக்கிறேன்.

"முடிவு எனக்குத் தெரியாதே புள்ள. மூணு மணி இன்னும் ஆகலயே."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதுங்க. எடம் விடாதிய."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளே எடுத்தாள். அந்த வெள்ளைப் பாதியில், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். இனி அங்கே யாரும் எதையும் எழுத முடியாது. பத்திரிகைக்காரர்கள் முடியாது, தணிகாசலம் முடியாது. நீங்களும்தான் முடியாது, மன்னிக்கவேண்டும். உங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த இடம், கைநழுவிப் போய்விட்டது. பிறகு கோட்டுக்குக் கீழே, ச. பாண்டிச்செல்வி என்று முழுசாகப் போட்டாள், தேதியோடு.

ஆகவே, எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். முடிவு எனக்குத் தெரியாது. கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது, மோட்டார் ஓடுகிற சத்தம் இங்கே கேட்கிறது, டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கும் என்று தெரியாது. தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. குழாயடியில் பத்து அறைக் குடங்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. செங்கமலம் அம்மா திருகு குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு இப்போதே தயாராக நிற்கிறார். பாண்டிச்செல்வி தலையை அள்ளி முடிந்துகொண்டு, தங்கையை எழுந்திருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு குடத்தோடு படி இறங்குகிறாள்.

மணி இரண்டு ஐம்பத்தேழு. நோட்டை மூடிவிட்டு, அவளிடமிருந்து ஒரு குடத்தை வாங்கிக்கொள்ளப் போகிறேன்.